மலைப்பள்ளிக்குப் போகும் ஆசிரியரை யாரிடம் பழக்குவது?

கொங்கு மாவட்டங்களில் ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடையவர்கள் கூடும்போதெல்லாம் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் போகவிருக்கும் ஆசிரியருக்கு, அந்த மக்களின் அறிவையும் வாழ்க்கையையும் எப்படிப் பழக்குவது? பழக்க வேண்டுமா என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவைப் பள்ளி அறிவோடு இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்லிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்ற வரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி வேண்டும் என்று அரசியல் சட்டம் 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சண்டை வருவது வழியில்தான்.

என் காதுக்கு எட்டியவரை நான்கு வழிகள் பேசப்படுகின்றன. கையேடு ஒன்று போட்டு, இரண்டு மூன்று நாள் பயிலரங்கு நடத்திவிடுவது ஒன்று. பயிற்சி மாணவர்களை மலைக்கு அனுப்பிச் சில வாரங்கள் தங்கவைப்பது இன்னொன்று. மலையின் பெரியவர்களையே பாடம் நடத்தக் கூப்பிடுவது மூன்றாவது. அந்தந்த ஊர் இளைஞர்களையே ஆசிரியராகவோ துணை ஆசிரியராகவோ கொண்டுவருவது நான்காவது. நான்கையும் செய்யலாமே என்று மேடையில் பேசிவிடலாம். ஒரு பயிற்சி நிறுவனத்தின் கையிருப்புக்கும் கல்வியாண்டின் வேலை நாளுக்கும் அது கட்டாது. எதையாவது முன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

இவற்றை உரசிப் பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: பயிற்சி மாணவருக்கு மதிப்பெண் போடுவது யார்? அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். பயிற்சிக் கல்லூரியில் காலம் தள்ளியவர்களுக்கு அப்படித் தோன்றாது. யாருடைய கையெழுத்து வேண்டுமோ அவரிடம்தான் மாணவர் படிக்கிறார். மற்ற எல்லாரிடமும் தகவல் வாங்கிக்கொள்கிறார்.

எந்த மலை, எந்த மக்கள்

வழிகளுக்குப் போகும் முன் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும். கொங்குச் சமவெளியைச் சுற்றிலும் மலைதான். ஆனைகட்டி, காரமடைப் பக்கம் இருளர்கள். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், எரவாளர். சத்தியமங்கலத்துக்கு மேலே தாளவாடி, ஆசனூர், கடம்பூர் மலைகளில் சோளகரும் ஊராளிகளும். கொல்லிமலையில் மலையாளிகள், பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

ஆக, ஒரு மலையின் சிக்கல் இன்னொரு மலையின் சிக்கலாக இருப்பதில்லை. கொல்லிமலைப் பிள்ளைக்குப் பள்ளிமொழி ஏறக்குறைய வீட்டுமொழி. தாளவாடியில் சோளகப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் கன்னடம், தமிழ்வழிப் பள்ளிக்குப் போனால் மூன்றாவதாகத் தமிழ். இது போதாதென்று சட்டமும் தன் பங்குக்குக் கோடு கிழித்திருக்கிறது. மலையாளிகள் பழைய சேலம், தர்மபுரி போன்ற சில மாவட்டங்களில் மட்டும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. ‘பழங்குடி மாணவர் கல்வி’ என்று தலைப்பிட்டுச் சான்றிதழை வைத்து ஊர் தேர்ந்தெடுத்தால், பர்கூர் மலையின் ஒரு பகுதிப் பிள்ளைகள் அப்படியே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

நிறுவனங்கள் இருக்கும் இடமும் பார்க்கத் தக்கது. உடுமலைப் பக்கத்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் திருமூர்த்தி நகரில் இருக்கிறது, மலை அடிவாரம். தலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, காட்டுப்பட்டி என்று மலைக் குடியிருப்புகள். நீலகிரியின் நிறுவனம் கோத்தகிரியிலேயே இருக்கிறது. ஈரோட்டின் நிறுவனமோ பெருந்துறையில். அங்கிருந்து தாளவாடிக்குப் போக வேண்டுமானால் சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். திருமூர்த்தி நகரில் நடக்கக்கூடிய திட்டத்தை அப்படியே பெருந்துறைக்கு நகல் எடுக்க முடியாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கையேடும் பயிலரங்கும்

செலவு குறைவு, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வாரத்தில் எட்டலாம், கணக்குக் காட்டுவது எளிது. இந்த மூன்று காரணங்களுக்காகவே பெரும்பாலும் இதுதான் வெல்கிறது. சுற்றறிக்கைக் காலத்தில் இதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கையேடு எப்படித் தடம் மாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

‘இருளர் — பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள்’ என்று ஒரு வரி எந்தக் கையேட்டிலும் எளிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கு அது முழுக்கப் பொருந்தும். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுத்துத் தருகிறது. அந்த மக்களில் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனைகட்டி இருளர் வேறு. மொழி வேறு, பிழைப்பு வேறு. ராகியும் சாமையும் துவரையும் கலந்து விதைத்தவர்கள், காட்டில் தேனும் கிழங்கும் எடுத்தவர்கள். கையேட்டைப் படித்துவிட்டு ஆனைகட்டிப் பள்ளிக்குப் போகும் இளம் ஆசிரியர், “உங்க அப்பா பாம்பு பிடிப்பாரா?” என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்விதான். ஆனால் தன்னைப் பற்றி டீச்சருக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே முடிவு கட்டிவிடும்.

சரியான தகவலையே அச்சிட்டாலும் இன்னொரு குறை வரும். தேனை எடுத்துக்கொள்ளுங்கள். மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என்று வகை பிரித்து, எது பாறையில் கட்டும், எது மரப்பொந்தில் கட்டும் என்று பட்டியல் போட்டுவிடலாம். நீலகிரிச் சரிவுகளில் பாறைத்தேன் எடுக்க இறங்குபவரின் கயிற்றை மேலே பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனர் என்பது வழக்கம். தன் அக்காளையோ தங்கையையோ தாலியறுக்க எந்த உடன்பிறந்தானும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. பச்சிலைப் புகை போடுவதும் கொடியை முறுக்குவதும் மட்டும் தேன் எடுக்கும் அறிவு என்றால், அதில் பாதிதான் நம் கைக்கு வந்திருக்கிறது. மீதிப் பாதி உறவுமுறையில் இருக்கிறது. கையேடு முதல் பாதியை அழகான படத்தோடு அச்சிடும். இரண்டாம் பாதியைப் ‘பழக்கவழக்கங்கள்’ என்ற வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

மருந்துச் செடி என்று வந்தால் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. அகத்தியர் மலையின் காணி மக்கள் 1987இல் விஞ்ஞானிகளுக்குக் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்துதான் ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதை உருவாக்கி, 1990களின் நடுவில் தயாரிப்பு உரிமத்தைக் கோவையின் ஆர்ய வைத்ய பார்மசிக்குக் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணி மக்களுக்குத் தருவது என்று முடிவானது. உலகம் முழுக்க இன்றும் விவாதிக்கப்படும் ஏற்பாடு அது. அவ்வளவு பெரிய பேச்சுவார்த்தை நடந்த விஷயத்தை, ‘செயல்பாடு 4: உன் ஊரின் மூலிகைகளைப் பட்டியலிடுக’ என்று ஒரு பயிற்சிக் கையேடு போகிற போக்கில் கேட்கிறது. பிள்ளை எழுதிக் கொடுக்கும். அந்தத் தாள் பிறகு எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

என் உரைகல்லில் வைத்தால்: மதிப்பெண் முழுக்கப் பேராசிரியர் கையில். மலை மக்கள் இங்கே பாடப்பொருள், அவ்வளவுதான்.

மலையில் தங்குவது

இது கேட்டவுடன் பிடித்துப்போகும் வழி. பி.எட். படிப்பு 2015இலிருந்து இரண்டு ஆண்டுகளாகிவிட்டது. பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரம் இருக்கிறது. அதில் ஐந்து, ஆறு வாரத்தை மலைப்பள்ளியில் கழிக்கச் சொல்வதற்கு விதியில் தடை இல்லை. ஆறு வாரம் தங்கினால் மழை எந்தப் பக்கமிருந்து வரும், யானை எந்த வழியில் இறங்கும், பிள்ளைகள் ஏன் திங்கட்கிழமை வருவதில்லை என்பதெல்லாம் தானாகத் தெரியவரும்.

தெரியவருமா? இங்கேதான் எனக்கு ஐயம். மலையில் இருப்பதும் மலையிடம் கற்பதும் ஒன்றாகிவிடுவதில்லை. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பல ஆண்டு வேலை பார்த்தும், பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பதிக்குள் (பழங்குடிக் குடியிருப்புக்குள்) ஒருநாள்கூட நுழையாத ஆசிரியர்கள் உண்டு. பயிற்சி மாணவர் அவர்களுடைய அறையில்தான் தங்கப்போகிறார். அவர்கள் பேச்சைத்தான் இரவில் கேட்கப்போகிறார். “இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும் சார்” என்ற வாக்கியம் முதல் வாரத்திலேயே அவர் காதில் விழுந்துவிடும். அதை எதிர்த்துப் பேச அவரிடம் எதுவும் இருக்காது, ஏனென்றால் அவருக்குக் கையெழுத்துப் போடப்போவது அதே பள்ளித் தலைமையாசிரியர்.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. பெண் பயிற்சி மாணவர்கள் தங்க இடம் தேட வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்று போட்ட திட்டம், இறங்கும் அவசரத்திலேயே பாதி கரைந்துவிடும். வால்பாறைக்கு ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் போய்வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பருவமும் பொருந்துவதில்லை. பாறைத்தேன் இறங்குவது கோடையில். அப்போது கல்லூரி தேர்விலும் விடுமுறையிலும் இருக்கும். கல்லூரிக்கு வசதியான மாதத்தில் மலைக்குப் போனால், சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் வேலைக்காக மலையை விட்டு இறங்கியிருப்பார்கள்.

குடியிருப்பின் பக்கமிருந்தும் யோசிக்க வேண்டும். ஆய்வு மாணவர், தொண்டு நிறுவனம், கணக்கெடுப்பு என்று படிவத்தோடு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன ஊர்கள் நிறைய உண்டு. சத்தியமங்கலம் மலைப்பகுதியில், வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைக் காலத்தை நேரில் பட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. வெளியாள் வந்து கேள்வி கேட்பது அவர்களுக்குச் சாதாரண விஷயமாக இருக்க முடியாது. நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கி ஆளுக்கொரு குறிப்பேட்டோடு நிற்கும் காட்சியை அந்த ஊர்க்காரராக இருந்து ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்கள் வகுப்பெடுப்பது

மூன்றாவது வழியைப் பெரும்பாலோர் விழாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஆகஸ்டு 9ஆம் தேதி உலகப் பழங்குடியினர் நாளுக்கு ஒரு பெரியவரைக் கூட்டிவந்து, சால்வை போர்த்தி, குழல் ஊதச் சொல்லிக் கேட்டு, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புவது. நான் சொல்வது அதை அல்ல. கல்லூரியின் பாட அட்டவணையில் அவருக்கு மணி ஒதுக்கி, மதிப்பூதியம் கொடுத்து, மாணவரைப் பற்றி அவர் சொல்வதை மதிப்பெண்ணாகப் பதிவது.

இதில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காட்டுத்தீ கெடுதல், அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் நம் பாடங்களும் சுவரொட்டிகளும் சொல்கின்றன. தாளவாடியை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள், கர்நாடகத்தில் அவர்களைச் சோலிகர் என்பார்கள், கோடை முற்றுவதற்கு முன்பே காட்டின் சருகுக்குத் தீ வைத்துவந்தவர்கள். அவர்கள் பேச்சில் அது ‘தரகு பெங்கி’. தரையில் ஈரம் மிச்சமிருக்கும்போது வைக்கிற தீ தாழ்வாக ஓடி அணைந்துவிடும். பெரிய மரத்தைத் தொடாது. அதனால் கடுங்கோடையில் பெருந்தீ பிடிக்கச் சருகு சேர்ந்திருக்காது. உண்ணிச்செடியின் கன்றுகள் கருகும். நெல்லி மரத்தில் படரும் புல்லுருவியும் அடங்கும் என்பது அவர்கள் கணிப்பு. 1970களில் அந்த மலை சரணாலயமாகித் தீ வைப்பது தடைசெய்யப்பட்டது. பிறகு, வெகு காலம் முன்பே அழகுச் செடியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்திருந்த உண்ணிச்செடி காட்டின் அடித்தளத்தை மூடிக்கொண்டு பரவியது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சோலிகப் பெரியவர்கள் சொல்லிவந்ததைச் சூழலியல் ஆய்வாளர்களும் இப்போது கவனத்தில் எடுத்து எழுதுகிறார்கள்.

இதைக் கையேட்டில் அச்சிட்டால், ‘பழங்குடியினர் காட்டுக்குத் தீ வைப்பார்கள்’ என்று பயிற்சி மாணவர் சுருக்கி எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒரு பெரியவர் நேரில் சொன்னால் கேள்வி கேட்க முடியும். எந்த மாதம்? காற்று எப்படி இருக்க வேண்டும்? எந்தச் சரிவில் வைக்கவே கூடாது? அதைவிடப் பெரிய கேள்வி அடுத்து வரும். மறுநாள் நான்காம் வகுப்பில் ‘காட்டுத்தீயைத் தடுப்போம்’ பாடம் எடுக்கும்போது, தாத்தா வேறு சொல்கிறாரே என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் என்ன செய்வது? சட்டம் தீயைத் தடைசெய்கிறது. தாத்தாவின் அறிவு பொய்யில்லை. இரண்டையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் பேச வேண்டும். பண்பாடுகளுக்கு இடையிலான கல்வி என்று நாம் பெரிதாகச் சொல்வது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டுமென்றால், எதிரே அந்தத் தாத்தா உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் பாடம் இருக்கிறது. ஆனைகட்டியை ஒட்டிய கேரளத்து அட்டப்பாடியின் இருளர் ஊர்களில் மூப்பர் (ஊர்த்தலைவர்), வண்டாரி, குருதலை, மண்ணுக்காரர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கின்றன. விதைப்பு, நிலம் பற்றிய சடங்கும் அறிவும் மண்ணுக்காரர் வசம். நிறுவனங்கள் வழக்கமாக மூப்பரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுவிட்டு வரும். அவரும் மரியாதைக்காக ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். விதை பற்றிக் கேட்க வேண்டியவர் வேறு, பிள்ளைப்பேறு பற்றிக் கேட்க வேண்டிய பாட்டி வேறு என்று மாணவர் கண்டுகொள்வதே முதல் மாதப் பாடமாக இருக்கலாம்.

இதை நாம்தான் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரில், அமேசான் பழங்குடிகளின் கூட்டமைப்பும் அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து 1988இல் ஓர் இருமொழி ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கின. அங்கே பழங்குடி அறிஞர்கள் பயிற்றுநர் குழுவிலேயே இருந்தார்கள். மாணவர்கள் சில மாதம் நிறுவனத்திலும் சில மாதம் ஊரிலுமாக மாறி மாறிப் படித்தார்கள். ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: அங்கே படிக்க வந்தவர்களே பழங்குடி இளைஞர்கள். நம்மிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் கோபி, பல்லடம், பொள்ளாச்சிப் பிள்ளைகள். ஆகவே நம் பெரியவருக்கு வேலை கூடுதல். தன் பேரனுக்குச் சொல்வதுபோல் இவர்களுக்குச் சொல்ல முடியாது.

‘படிப்பில்லாத பெரியவருக்கு எந்தக் கணக்கில் பணம் கொடுப்பது?’ என்று உடனே ஒரு கேள்வி எழும். டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் பாகர்களும் காவடிகளும் (துணைப் பாகர்கள்) மலசர் மக்கள். யானையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததற்காக வனத்துறை சம்பளம் கொடுக்கிறது. பட்டம் எங்கே என்று கேட்கவில்லை. யானைக்கு உள்ள அவசரம் பிள்ளைகளுக்கு இல்லை போலிருக்கிறது.

குறைகளும் உண்டு. பெரியவரை அடிவாரத்துக்கு அழைத்துவந்து கான்கிரீட் வகுப்பறையில் உட்காரவைத்தால் அவருக்கு வாய் திறக்காது. பேச்சுக்குக் காடு பக்கத்தில் இருக்க வேண்டும். சில அறிவைச் சொல்ல அவருக்கே உரிமை இருக்காது. ஒருவருக்குப் பணம் கொடுத்தால் ஊருக்குள் மனத்தாங்கல் வரலாம். இவை எல்லாம் முன்கூட்டியே ஊரோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கக் கூடியவை. பேசாமல் போனால் இரண்டாம் ஆண்டு யாரும் வரமாட்டார்கள்.

ஊர்ப்பிள்ளையே ஆசிரியர்

நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் நேரானது. ஆனைகட்டிக்கு அப்பால் எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 2017இல் வயநாட்டில் ‘கோத்ரபந்து’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக வைத்தார்கள்; பிறகு அட்டப்பாடிக்கும் வந்தது. பள்ளிக்குள் நுழையும் பிள்ளையைத் தன் மொழியிலேயே கூப்பிட ஒருவர் இருக்கிறார். இதைவிட என்ன வேண்டும்? நம் பக்கத்தில் கூடலூரில் வித்யோதயா பள்ளி, ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பழக்கி நடத்திக் காட்டியிருக்கிறது.

என்றாலும் ஒரு பயிற்சி நிறுவனம் உட்கார்ந்து முடிவெடுக்கக்கூடிய விஷயம் இது இல்லை. பணியிடம் உருவாக்குவது, தகுதித் தேர்வில் என்ன செய்வது, ஊதியம் மாதச் சம்பளமா, தொகுப்பூதியமா என்பதெல்லாம் அரசின் கையில். தொகுப்பூதியத்தில் வைத்தால் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. நிரந்தர ஆசிரியர் பாடம் நடத்துவார். ஊர்ப்பிள்ளை வராத மாணவரைத் தேடிப்போவார், அழும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பார், சத்துணவு வரிசையைப் பார்ப்பார். பெயர் வழிகாட்டி, வேலை எடுபிடி. இந்தத் துணை ஆசிரியரை எப்படி மதிப்பது என்று நிரந்தர ஆசிரியருக்கு முன்பே யாராவது பழக்கியிருந்தால்தான் இந்த வழி பிழைக்கும். அது மறுபடியும் நம்மிடமே வந்து நிற்கிறது.

பயிற்சி நிறுவனம் இந்த வழிக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மலைப்பிள்ளைகளைத் தேடிப்போய்த் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ப்பது, சேர்ந்தவர்கள் பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. விண்ணப்பக் காலத்தில் இரண்டு பேர் மலையேற வேண்டும், அவ்வளவுதான்.

என் தேர்வு

கையில் பணம் குறைவு, ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று ஒரு நிறுவனம் கேட்டால், மூன்றாவதை மலையில் வைத்துச் செய்யச் சொல்வேன். பெரியவர் கீழே இறங்க வேண்டாம். மாணவர்கள் ஐந்தைந்து பேராக மேலே போகட்டும், அவருக்கு வசதியான பருவத்தில். பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு, பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் வாய்மொழியாகச் சொல்வதைப் பேராசிரியர் எழுதி, அகமதிப்பீட்டில் கணிசமான ஒரு பங்கை அதற்குக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கேட்டதை எழுதும் முன் இந்தப் பிள்ளை அனுமதி கேட்டதா? எழுதியதைத் திரும்ப வந்து படித்துக் காட்டியதா? உங்கள் பேத்தியை இந்த டீச்சர் வகுப்பில் உட்காரவைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எந்த வினாத்தாளாலும் வாங்க முடியாது.

திருமூர்த்தி நகர், கோத்தகிரி போன்ற இடங்களுக்கு இது உடனே இயலும். பெருந்துறைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே மாணவர்களை ஆசனூரிலோ தாளவாடியிலோ ஓர் உறைவிடப் பள்ளி வளாகத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் தங்கவைத்துச் செய்வதே நல்லது, போய்வருவது வேண்டாம். கன்னடம் தெரிந்த மாணவர்கள் சத்தியிலும் கோபியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் குழுவில் அவர்களைப் போடலாம். நாமக்கல் நிறுவனத்துக்குக் கொல்லிமலையில் மொழிச் சுமை குறைவு என்பதால், அங்கே நேரத்தைப் பாடத்தயாரிப்புக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

கையேட்டை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது கடைசியில் வரட்டும். இரண்டு மூன்று ஆண்டு மாணவர்கள் எழுதிப் பெரியவர்கள் கேட்டு ஒப்புக்கொண்ட பாடக்குறிப்புகள் சேரும்போது, ஆனைகட்டிக்கு ஒன்று, உடுமலைப் பக்கத்து மலையூரான தளிஞ்சிக்கு ஒன்று, தாளவாடிக்கு ஒன்று என்று சிறு தொகுப்புகளாகப் போடலாம். மாநிலம் முழுமைக்கும் ஒரே தடித்த புத்தகம் வேண்டாம். மருந்துச் செடிகள் பற்றிய பக்கம் வேண்டவே வேண்டாம்.

மலைக்கே போகாத ஆசிரியருக்கு இது எதற்கு என்ற கேள்வியும் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோவை, ஈரோட்டுத் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் காலகாலமாக உண்டு. ஒரு பாட்டியிடம் அனுமதி கேட்டுக் கற்றுக்கொண்ட ஆசிரியர், ஒடியா தாயிடமும் அப்படிக் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

இனி மிச்சமிருப்பது அலுவலக வேலை. மதிப்பூதியப் படிவத்தில் பெயர், முகவரிக்கு அடுத்ததாகக் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். திட்டம் முட்டிக்கொண்டு நிற்கப்போவது அங்கேதான். அதைக் காலியாக விட வேண்டாம், ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்றும் எழுத வேண்டாம். ‘மண்ணுக்காரர், விதைப்பு’ என்று எழுதி, ஊர் மூப்பரின் கையொப்பம் வாங்கி இணைத்து அனுப்பலாம். தணிக்கையில் கேள்வி வந்தால், வகுப்பெடுத்த நாள்களின் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் கைவசம் இருக்கும்.